கட்டைவிரலுக்கு எழுதியது

தடைக்காலம் பதினேழாம் நாள்.
தங்கச்சிமடத்துப் படகுகள் எல்லாம்
ஒரே திசைக்கு மூக்கை நீட்டிச் சும்மா நிற்கின்றன.
நிவாரணப் படிவத்துக்கு ஜெராக்ஸ் எடுக்க வந்த கூட்டம்
கடையை விட்டுக் கலைந்த பிறகும்
லெபோன் மட்டும் போகவில்லை.
"அந்தச் சண்டை விளையாட்டு இன்னும் இருக்கா?"
கேட்டது என்னையல்ல, மானிட்டரை.

இருந்தது.
எமுலேட்டர் ஒன்றை இறக்கி வைத்திருந்தேன்,
ஆள் வராத மதியங்களில்
கரண்ட் போய், யுபிஎஸ் கீச்சிட்டு அடங்கும்வரை
நான் ஒருத்தியே ஆடுவதற்கு.

நீலச் சட்டை வீரன் தீப்பந்து எறிய வேண்டுமானால்
கீழ்,
கீழோடு வலம்,
வலம்,
குத்து.
எல்லாம் அரை நொடிக்குள்.
தாமதித்தால் வெறுங்கையை வீசிவிட்டு
அடிவாங்கி மல்லாந்து விழுவான்.

லெபோனின் இடக்கையில்
ஆள்காட்டியும் நடுவிரலும் இல்லை.
போன ஐப்பசியில் வின்ச் எடுத்துக்கொண்டது.
மோதிரவிரல் ஒன்றே கீழுக்கும் வலத்துக்குமாய் ஓடி
ஈரமணல் நண்டு போலப் பாதியில் நின்றது.
ஏழு தடவை விழுந்தான்.
எட்டாவதில் சிரித்தான்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"இரு, மேக்ரோ போடுறேன்."
"அது என்ன மீனு?"
"நீ ஒண்ணை அமுக்கு.
மத்ததை எல்லாம் அதுவே அமுக்கிக்கும்."

எந்தப் பொத்தானில் வைப்பது?
கீபோர்டில் கட்டைவிரலுக்கென்றே
ஒரு நீளப் படுக்கை கிடக்கிறது. ஸ்பேஸ் பார்.
நான்கு வரி எழுதினேன்,
மூச்சுவிட இடமில்லாமல், ஒன்றின் முதுகில் ஒன்றாக.

அமுக்கினான்.
வீரன் அசையவில்லை.
இன்னும் அழுத்தி அமுக்கினான்,
கீபோர்டு மேசையில் ஒரு சாண் நகர்ந்தது.
வீரன் நகரவில்லை.

எனக்குப் புரிய ஒரு டீ நேரம் ஆனது.
விளையாட்டு நொடிக்கு அறுபது தடவைதான்
கண்ணைத் திறந்து பார்க்கிறது.
இரண்டு பார்வைக்கு நடுவில் வந்துபோனவன்
வராதவன் கணக்கு.

ஒவ்வொரு வரிக்கும் கீழே ஒரு 'நில்' சேர்த்தேன்.
பதினேழு மில்லி செகண்ட்: சிலசமயம் எறிந்தான்.
இருபது: பரவாயில்லை.
முப்பத்துநாலு.
தீ பறந்தது.
லெபோன் போட்ட சத்தத்தில்
பக்கத்து பேட்டரி கடை சவேரி எட்டிப் பார்த்து
"யாருக்கு லோன் வந்துச்சு?" என்றான்.

எதிரி தலைக்குமேல் தாவி
அந்தப் பக்கம் போனதும் மறுபடி வம்பு.
முகம் திரும்பிய வீரனுக்குப் பழைய வரி உதவவில்லை.
"இடப்பக்கத்துக்குத் தனியா எழுதணும்."
"எழுது. கச்சானுக்கு ஒரு கணக்கு,
வாடைக்கு ஒரு கணக்குதானே."
பக்கத்துப் பொத்தானில் அதையும் வைத்தேன்.

அந்தி சாயும்வரை ஆடினான்.
பிறகு நான் எழுதியதைத் திறக்கச் சொல்லி
திரையில் விரல்வைத்துப் படித்தான்.
கீழ். நில். கீழோடு வலம். நில். வலம். நில்.
"எதுக்கு இத்தனை நில்லு?"
சொன்னேன்.
கொஞ்சம் பேசாமல் இருந்தான்.
"வின்ச்சுலயும் யாராச்சும்
ஒரு நில்லு எழுதி வச்சிருக்கலாம்" என்றான்,
மீதிச் சில்லறை கேட்கிற குரலில்.
செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனான்.

அவன் பேரிலேயே சேமித்தேன்.

தடை முடிந்த விடியலில் கரை காலி.
நேற்று மார்க்ஷீட் பிரிண்ட் எடுக்க வந்த பொடியன்
நான் தாள் மாற்றும் நேரத்தில்
விளையாட்டைத் திறந்து ஸ்பேஸைத் தட்டியிருக்கிறான்.
"அக்கா, தானா எறியுது! இது கள்ள ஆட்டம்!"

"அது ஒருத்தரோட இடக்கைடா.
கையை எடு."

எடுத்தான்.
தன் கையை ஒருமுறை
புரட்டிப் பார்த்துக்கொண்டான்.